எளிய கவிதையும் உள்நலமும்: ஆயர் தம் புலம்பலைத் தாமே எழுதுதல்

முன்னுரை

திருச்சபைப் பணியில் இருப்பவர் ஓர் ஆண்டில் பிறருக்காகப் பேசும் சொற்கள் மிகப் பல. அருளுரை, ஞானஸ்நானம், திருமணம், நோயாளர் சந்திப்பு, அடக்க ஆராதனை ஆகிய யாவற்றிலும் அவருடைய நாவு பிறரின் மகிழ்ச்சிக்கும் துயருக்கும் மொழியாகிறது. ஆனால் அவருடைய சொந்தத் துயருக்கு மொழியாவது எது? 2020, 2021-ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வினா கூர்மையடைந்தது. உறவினர் சிலர் மட்டுமே நிற்க, தொடுதலும் அழுகையும் தடைப்பட்ட நிலையில், அடுத்தடுத்து அடக்கங்களை நடத்திய ஆயர்கள் நம் நாட்டில் பலர். அவர்கள் ஒவ்வொரு கல்லறை அருகிலும் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அறிவித்தனர். வீடு திரும்பிய பின்னர்த் தம் உள்ளத்தில் எஞ்சியதை எங்கு இறக்கிவைத்தனர்?

இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்றாக, எளிய கவிதை எழுதுதலை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். ‘எளிய கவிதை’ என இங்கு நாம் குறிப்பது, நடைமுறைச் சொற்களால், சில வரிகளில், ஏதேனும் ஒரு சிறிய வடிவத்துக்குள் ஒருவர் தம் அனுபவத்தை எழுதிவைப்பதையேயாகும். அச்சேறுவதோ பாராட்டுப் பெறுவதோ அதன் நோக்கமன்று.

‘கவிதை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் பின்வாங்குவதற்குக் காரணம் உண்டு. தமிழ்க் கிறித்தவ மரபில் கவிஞர் என்றால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் (1827–1900) நம் கண்முன் நிற்கின்றனர். கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆன காப்பியம். யாப்பில் அத்தகைய புலமை இல்லாதவர் பேனாவைத் தொடலாகாது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் புதுக்கவிதைக்குக் களம் அமைத்துப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் இவ்வச்சம் நம்மை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் இங்குப் பேசப்படுவது புலமையைப் பற்றியதன்று. மன்றாட்டு அறிந்தவர் எவரும் கைக்கொள்ளக்கூடிய ஒரு பழக்கத்தைப் பற்றியதாகும்.

1. திருமறை காட்டும் வழி

சங்கீதப் புத்தகத்தில் அடங்கிய நூற்றைம்பது பாடல்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சார்ந்தவை. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் (1862–1932) சங்கீதங்களை வகைப்படுத்தி ஆராய்ந்தது முதல் இவ்வுண்மை இறையியல் மாணவர் யாவரும் அறிந்ததே. இறைவனை விளித்தல், முறையீடு, வேண்டுகோள், நம்பிக்கை அறிக்கை, துதியின் பொருத்தனை என்னும் படிகள் இவ்வகைப் பாடல்களில் பொதுவாகக் காணப்படுகின்றன. பதின்மூன்றாம் சங்கீதம் இதற்குச் சுருக்கமான சான்று. முதலிரு வசனங்களில் ‘இன்னும் எத்தனை காலம்’ என்னும் பொருள்பட நான்கு முறை கேட்ட பாடகர், இறுதியில் பாடித் துதிப்பதாகக் கூறி முடிக்கிறார். ஆனால் எண்பத்தெட்டாம் சங்கீதம் அவ்வாறு முடிவதில்லை. அது தொடக்கம் முதல் இறுதி வரை இறைவனையே நோக்கிப் பேசுகிறது. ஆயினும் இருளிலேயே நின்றுவிடுகிறது. துதியை எட்டாத ஒரு பாடலையும் இஸ்ரவேலர் தம் வழிபாட்டு நூலில் சேர்த்துக் காத்தனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

தாவீதின் வாழ்விலிருந்து இரண்டு துயரங்களை ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். சவுலும் யோனத்தானும் மாண்டபோது தாவீது ஒரு புலம்பலை இயற்றினார் (2 சாமு. 1:17–27). அதில் கில்போவா மலை உண்டு. எறியப்பட்ட கேடகம் உண்டு. இஸ்ரவேல் மகளிர் அணிந்த ஆடை உண்டு. நண்பனின் அன்பு உண்டு. இறைவனின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆயினும் அதனை யூதாவின் மக்களுக்குக் கற்பிக்கும்படி தாவீது கட்டளையிட்டார். ஒருவருடைய துயரம் சொல் வடிவம் பெற்றதால் ஒரு மக்களினம் முழுவதும் துக்கம் காக்கக் கற்றுக்கொள்ள முடிந்தது.

அப்சலோமின் மரணத்தின்போதோ நிலைமை வேறு (2 சாமு. 18:33). அங்குப் பாடல் இல்லை. ‘மகனே’ என்னும் விளி ஒரே வசனத்தில் ஐந்து முறை வருகிறது, மகனுக்குப் பதிலாகத் தாம் மாண்டிருக்கலாகாதா என்னும் ஏக்கம் வருகிறது, வேறொன்றும் இல்லை. திறமை மிக்க பாடகரான தாவீதுக்கும் அந்நேரத்தில் கவிதை வரவில்லை. துயரம் எல்லாம் உடனே கவிதையாகிவிடாது. பெயரை மட்டுமே சொல்லி அழவேண்டிய வேளையும் உண்டு. ஆற்றுப்பணி செய்வோர் இவ்வேறுபாட்டை நன்கு உணரவேண்டும்.

வடிவம் துயருக்கு எவ்வாறு உதவுகிறது என்பதைப் புலம்பல் நூல் தெளிவாகக் காட்டுகிறது. அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அகரவரிசையில் அமைந்தவை. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய அதிகாரங்களில் இருபத்திரண்டு எழுத்துக்களுக்கு இருபத்திரண்டு வசனங்கள். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மும்மூன்றாக அறுபத்தாறு வசனங்கள். இடிந்த நகரத்தின் துயருக்கு எல்லையில்லை. எழுத்துக்களுக்கோ எல்லை உண்டு. முதல் எழுத்தில் தொடங்கிய அழுகை இறுதி எழுத்தில் ஒரு கரையை அடைகிறது. பின்னர் அடுத்த அதிகாரத்தில் மீண்டும் தொடங்குகிறது. ஐந்தாம் அதிகாரத்திலும் இருபத்திரண்டு வசனங்களே உள்ளன; ஆனால் அகரவரிசை இல்லை. வடிவம் அங்குத் தளர்ந்துவிடுகிறது. எனினும் அளவு எஞ்சி நிற்கிறது. வெள்ளத்துக்குக் கரை எதுவோ, அதுவே பெருந்துயருக்கு வடிவம் எனலாம்.

2. நம் சபைகளும் புலம்பலும்

நம் ஊர்ப்புறங்களில் எழுத்தறியாப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒப்பாரியைக் கட்டி வந்துள்ளனர். இறந்தவரை நேரே விளித்தல், அவர் கைப்பட்ட பொருள்களைப் பெயர் சொல்லி அடுக்குதல், ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப அமைத்தல் ஆகிய உத்திகளை அவர்கள் எந்த இலக்கண நூலிலிருந்தும் கற்கவில்லை. ஆயினும் கிறித்தவர் ஒப்பாரி வைத்து அழலாகாது என்ற கருத்து நம் சபைகள் பலவற்றில் வழங்கி வருகிறது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்கவேண்டாம் என்னும் பவுலின் அறிவுரை (1 தெச. 4:13) இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அவ்வறிவுரை துக்கத்தைத் தடை செய்யவில்லை. நம்பிக்கையற்ற துக்கத்தையே விலக்குகிறது. இலாசருவின் கல்லறைக்குச் செல்லும் வழியில் ஆண்டவரும் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35).

பழைய ஏற்பாட்டு அறிஞர் வால்டர் புருகெமன் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், புலம்பலைக் கைவிடும் சபை பெரும் இழப்புக்கு உள்ளாகிறது என வாதிட்டார். துதி மட்டுமே அனுமதிக்கப்படும் இடத்தில் மனிதன் இறைவனோடு உண்மையாக உறவாடுவதில்லை. நீதியைக் குறித்த கேள்விகளும் அங்கு அடங்கிவிடுகின்றன என்பது அவர் கருத்தின் சாரம். ஆயரைப் பொறுத்தவரை இவ்விழப்பு இரட்டிப்பாகிறது. உறுப்பினர் ஆயரிடம் வந்து அழலாம். ஆயரோ ‘விசுவாசத்தில் உறுதியானவர்’ எனக் கருதப்படுவதால் எவர் முன்னும் அழ இயலாதவராகிறார். அழாத கண் நாளடைவில் பார்வையையும் இழக்கும் அபாயம் உண்டு. பிறர் துயரம் அவருக்கு ஒரு கடமையாக மட்டும் தோன்றத் தொடங்குகிறது.

3. ஓல்னியில் ஒரு நட்பு

கவிதையின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும் வரலாறு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பருடையது (1731–1800). இவர் ஓர் ஆயரின் மகன். ஆறு வயதில் தாயை இழந்தவர். 1763-இல் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகித் தற்கொலைக்கு முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மருத்துவர் நத்தானியேல் காட்டன் நடத்திய இல்லத்தில் சிகிச்சை பெற்று நலமடைந்தார். பின்னர் ஓல்னி என்னும் சிற்றூரில் குடியேறினார். முன்பு அடிமை வாணிகக் கப்பல்களில் பணியாற்றிய ஜான் நியூட்டன் அங்கு உதவிக் குருவாக இருந்தார். இருவரும் இணைந்து ஞானப்பாடல் நூல் ஒன்றை இயற்றத் திட்டமிட்டனர். 1779-இல் வெளிவந்த ‘ஓல்னி ஞானப்பாடல்கள்’ என்னும் அந்நூலில் 348 பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 67 மட்டுமே கூப்பருடையவை. இதற்குக் காரணம், 1773-இன் தொடக்கத்தில் நோய் அவரை மீண்டும் தாக்கியதேயாகும். தாம் இறைவனால் கைவிடப்பட்டவர் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அதன்பின் அவர் ஆலய வழிபாட்டுக்குச் செல்லவில்லை.

இதற்குப் பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. அவருடன் இருந்தோர் அவருக்குச் சிறிய அலுவல்களையும் சிறிய பொருள்களையும் கொடுத்தனர். அவர் தோட்டம் பேணினார். தச்சு வேலை செய்தார். முயல் குட்டிகளை வளர்த்தார். 1780-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அவரைப் பரிவோடு பேணிவந்த மேரி அன்வின் அம்மையார் ஒரு பொருளைச் சுட்டி அதைப்பற்றி எழுதும்படி கூறினார். 1782-இல், ஆஸ்டன் சீமாட்டி என்னும் தோழி, குதிரை கட்டுக்கடங்காமல் ஓட அதன்மேல் அகப்பட்டுக்கொண்ட ஒரு துணி வணிகரின் கதையைச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தார். ‘ஜான் கில்பின்’ என்னும் நகைச்சுவைக் கதைப்பாடல் அதிலிருந்து பிறந்தது. அதே தோழி மற்றொரு முறை, அறையில் கிடந்த சோபாவைப் பற்றியே எழுதும்படி கேட்டுக்கொண்டார். அவ்வேடிக்கையான தொடக்கம் ஆறு பகுதிகளைக் கொண்ட ‘தி டாஸ்க்’ என்னும் நெடுங்கவிதையாக வளர்ந்து 1785-இல் வெளிவந்தது. செல்லமாக வளர்த்த முயல் ஒன்று இறந்தபோது அதற்கும் இரங்கற்பா எழுதினார் கூப்பர்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒடிந்த உள்ளத்திற்கு ‘உன் துயரத்தை எழுது’ என்னும் பெரிய கட்டளை பயன்படவில்லை. சோபாவும் முயலும் போன்ற கைக்கெட்டிய பொருள்களே பயன்பட்டன. இரண்டாவது, எழுதியதைப் படிக்க ஒரு நட்பு இருந்தது. மூன்றாவது, கவிதை அவரைக் குணப்படுத்தவில்லை. 1799-இல், கடலில் தவறி விழுந்து மீட்கப்படாமல் மூழ்கிய மாலுமி ஒருவனைப் பற்றி அவர் எழுதிய இறுதிக் கவிதைகளுள் ஒன்று, அவருடைய நம்பிக்கையிழப்பு நீங்கவில்லை என்பதை உணர்த்துகிறது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் எழுத்து அவரை நாள்தோறும் தாங்கியது. தாங்குதலும் குணமாக்குதலும் வேறு வேறானவை. தாங்குதலைச் சிறிதென எண்ணுவதற்கில்லை.

4. எழுதுவதால் நிகழ்வது என்ன?

இருபதாம் நூற்றாண்டில் இப்பொருள் ஆய்வுக்கு உட்பட்டது. நியூயார்க்கின் புரூக்லின் பகுதி மருத்துவமனை ஒன்றில் ஈலை கிரைஃபர் என்னும் கவிஞரும் ஜாக் லீடி என்னும் மனநல மருத்துவரும் 1959-இல் நோயாளர் குழுவுக்குக் கவிதை வழி உதவும் முயற்சியைத் தொடங்கினர். லீடி 1969-இல் இத்துறை பற்றிய நூலைத் தொகுத்து வெளியிட்டார்.

1986-இல் உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வு மிகவும் குறிப்பிடத்தக்கது. கல்லூரி மாணவர் சிலர் நான்கு நாள்கள் தொடர்ந்து, நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினர். சிலர் பொதுவான செய்திகளையும், சிலர் தம் வாழ்வின் துயர நிகழ்ச்சியை மட்டும், சிலர் அதைப்பற்றிய உணர்ச்சியை மட்டும், சிலர் நிகழ்ச்சி, உணர்ச்சி ஆகிய இரண்டையும் சேர்த்தும் எழுதினர். எழுதி முடித்தவுடன் துயரத்தை எழுதியோர் முன்னிலும் சோர்ந்தே காணப்பட்டனர். ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர் மருத்துவ நிலையத்துக்குச் சென்ற தடவைகள் குறைவாக இருந்தன.

பின்னர் இவ்வாய்வு பலராலும் பலவாறு செய்து பார்க்கப்பட்டது. 146 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பயன் உண்டு, ஆனால் அது சிறிதே என்ற முடிவுக்கு வந்தது. இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை உரைநடையைப் பற்றியவை என்பதையும் நாம் மறைக்கலாகாது. எனவே கவிதை எல்லா நோய்க்கும் மருந்து எனப் பறைசாற்ற ஆதாரம் இல்லை. எனினும் 1986-ஆம் ஆண்டு ஆய்வின் ஒரு கூறு நம் கருத்துக்கு அணுக்கமானது. நிகழ்ச்சி மட்டும் போதவில்லை, உணர்ச்சி மட்டும் போதவில்லை, இரண்டும் இணையவேண்டியிருந்தது. கவிதையின் இயல்பே இவ்விணைப்புத்தான். ‘துயருற்றேன்’ என்று எழுதுவது உணர்ச்சியின் பெயர். ‘இரண்டு தம்ளர் எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தேன்’ என்று எழுதினால் நிகழ்ச்சியும் உணர்ச்சியும் ஒரே வரியில் அமைந்துவிடுகின்றன.

5. தொடங்குவோர்க்குச் சில வடிவங்கள்

(அ) அகரவரிசை. எபிரெயருக்கு இருபத்திரண்டு எழுத்துக்கள் இருந்ததுபோல நமக்குப் பன்னிரண்டு உயிரெழுத்துக்கள் உள்ளன. ஔவையாரின் ஆத்திசூடியை அகரவரிசையில் சொல்லிப் பழகிய நமக்கு இவ்வடிவம் அந்நியமானதன்று. ‘அ’ முதல் ‘ஔ’ வரை வரிக்கு ஓர் எழுத்தாக எழுதலாம். மனைவியை இழந்த ஒருவர் எழுதக்கூடியதாக நாம் அமைத்த தொடக்கம் வருமாறு:

அடுப்பு அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது.
ஆறு மணிக்குக் கதவைத் திறக்க இன்று யாருமில்லை.
இரண்டு தம்ளர் எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தேன்.
ஈரத்துணி உலர்ந்தும் கொடியிலேயே கிடக்கிறது.

இவ்வரிகளில் அணி இல்லை. எதுகை மோனை இல்லை. எழுத்து கேட்கும் சொல்லைத் தேடும்போது, நாம் எண்ணியிராத ஒரு நினைவு வெளிப்படுகிறது. அடுத்த வரிக்கு ‘உ’ என்பதும், பன்னிரண்டாம் வரியில் முடிந்துவிடலாம் என்பதும் எழுதுவோருக்கு ஆறுதல். ‘ஔ’ வரிக்குச் சொல் கிடைக்காவிடில் அதனை விட்டுவிடலாம். புலம்பல் நூலின் ஐந்தாம் அதிகாரம் அதற்கு இடம் தருகிறது.

(ஆ) ஐவரிக் கவிதை. அமெரிக்கப் பெண்கவிஞர் அடிலெய்டு கிராப்சி (1878–1914) அமைத்த வடிவம் இது. இவருடைய தந்தை, 1906-இல் திருச்சபை நீதிமன்றத்தால் தவறான போதனைக் குற்றம் சாட்டப்பட்டுப் பதவி இழந்த ஆயர் என்பதை இறையியல் மாணவர் நினைவிற்கொள்ளலாம். மகள் காசநோயால் மடியும் நாள்களில், எழுத வலுவற்ற நிலையிலும் தாங்கக்கூடிய அளவில் இச்சிறு கவிதைகள் பலவற்றை எழுதினார். அவருடைய வரிகள் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, இரண்டு என அசைகளால் அமைந்தவை. பிற்காலத்தில் பள்ளி ஆசிரியர்கள் இதனைச் சொற்களின் எண்ணிக்கையாக மாற்றி எளிமைப்படுத்தினர். தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஒன்று எனச் சொற்களை அமைக்கலாம்:

கிணறு
வற்றிய கிணறு
கயிறு மட்டும் தொங்குகிறது
ஊரார் பேச்சும் இப்போது குறைவு
காத்திருப்பு

படுக்கையில் இருக்கும் நோயாளருக்கும் களைத்து உறங்கச் செல்லும் ஆயருக்கும் ஏற்ற அளவு இது.

(இ) ஒரே தொடக்கம். ஒவ்வொரு வரியையும் ‘நான் கண்டது’ என்றோ, ‘எனக்கு இன்னும் தெரியாதது’ என்றோ ஒரே தொடரில் தொடங்குவது மிக எளிய முறை. கவிஞர் கென்னத் கோச் நியூயார்க்கில் குழந்தைகளுக்கும், பின்னர் 1976-இல் முதியோர் இல்லம் ஒன்றில் எழுபது, எண்பது, தொண்ணூறு வயதினருக்கும் இத்தகைய முறைகளால் கவிதை கற்பித்தார். கண் மங்கியோரும் கை நடுங்கியோரும் வாயால் சொல்ல, உடனிருந்தோர் எழுதிக்கொண்டனர். இவ்வனுபவத்தை அவர் 1977-இல் நூலாக வெளியிட்டார்.

(ஈ) புலம்பற் சங்கீத வடிவம். விளித்தல், முறையீடு, வேண்டுகோள், நம்பிக்கை, பொருத்தனை என்னும் ஐந்து படிகளை ஐந்து அல்லது ஆறு வரிகளில் அமைக்கலாம். ஆயருக்குத் தனிச்சிறப்பாக ஏற்றது இவ்வடிவம். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அருளுரை ஆற்றிப் பழகிய நாம் மூன்றாம் வரியிலேயே நம்பிக்கைக்குத் தாவிவிடுகிறோம்; எழுதுவது கவிதையாகத் தொடங்கி அருளுரைச் சுருக்கமாக முடிகிறது. எனவே எட்டாத படியை எட்டியதாக எழுதவேண்டாம். நிற்கும் இடத்தில் நிறுத்துக. எடுத்துக்காட்டாக நாம் அமைத்தது:

ஆண்டவரே, இந்த வாரத்தில் இது மூன்றாம் அடக்கம்.
மூன்று வீட்டாருக்கும் அதே பகுதியை வாசித்தேன்.
என் குரல் நடுங்கவில்லை. அதுவே என்னை அச்சுறுத்துகிறது.
நான் கல்லாகி வருகிறேனா? நீர் பார்த்துச் சொல்லும்.
வேறொன்றும் இன்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

இங்கு நம்பிக்கை அறிக்கை இல்லை, பொருத்தனையும் இல்லை. ஆயினும் விளித்தல் உண்டு. யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதை இவ்வரிகள் மறக்கவில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதமும் அத்துணையே செய்தது.

6. ஆற்றுப்பணியில் பயன்படுத்தும் முறை

முதலாவது, பிறருக்குப் பரிந்துரைக்குமுன் ஆயர் தாமே சில கிழமைகள் எழுதிப் பழகுதல் நன்று. கிழமைக்கு ஒரு நாள், கால்மணி நேரம், ஒரு குறிப்பேடு, இவை போதும். எழுதிய நாளைக் குறித்து வைத்தால், ஆண்டு முடிவில் தம் உள்ளம் நடந்த பாதையைத் தாமே காணலாம்.

இரண்டாவது, எழுத இயலாதவருக்கு நாம் எழுத்தராகலாம். எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதினார், அரசன் சுருளை அறுத்து நெருப்பிலிட்டபோது மீண்டும் எழுதினார் (எரே. 36). வீட்டுச் சந்திப்பின்போது ஒரு மூதாட்டி தன் மகனைப் பற்றிச் சொல்வதை, அவள் பேசும் சொற்களிலேயே, திருத்தாமல் எழுதி வாசித்துக் காட்டுக. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்க முயல்வது அவளுடைய துயரத்தை அவளிடமிருந்து பறிப்பதாகும். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) எளிய மக்களின் பேச்சுமொழியையும் நாட்டுப்புற இசையையும் வழிபாட்டினுள் கொணர்ந்தவர். அம்மொழிக்கு இறைவன்முன் நிற்கும் தகுதி உண்டென்பதை அவருடைய பாடல்கள் காட்டின.

மூன்றாவது, கேட்போர் கடமை குறித்த ஒழுங்கு தேவை. ஒருவர் தம் வரிகளை வாசித்தபின் ‘நன்று’, ‘தவறு’ எனத் தீர்ப்புக் கூறலாகாது; வசனம் எடுத்துரைத்துத் திருத்தவும் கூடாது. ‘கொடியில் கிடந்த துணியைப் பற்றி இன்னும் சொல்வீர்களா?’ என்பது போன்ற ஒரு கேள்வி போதும். இளைஞர் கூட்டத்திலோ பெண்கள் ஐக்கியத்திலோ இதனைச் செய்தால், வாசிக்க விரும்பாதவரை வற்புறுத்தாதிருப்பது இன்றியமையாதது. போட்டியும் பரிசும் இங்கு வேண்டா.

நான்காவது, ஆயரிடம் ஒப்படைக்கப்பட்ட கவிதை பாவ அறிக்கையைப் போன்றே காக்கப்படவேண்டும். எழுதியவர் இசைவின்றி அதனை அருளுரை உவமையாக்குவதும் சபை இதழில் அச்சிடுவதும் நம்பிக்கைத் துரோகமாகும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என எண்ணலாகாது. சிறிய ஊரில் ஒரு கிணற்றைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும்.

ஐந்தாவது, கவிதை மருத்துவத்துக்கு மாற்று அன்று. தற்கொலை எண்ணம், நீண்ட நாள் உறக்கமின்மை, உணவு மறுப்பு, கேளாத குரல்கள் கேட்டல் முதலியன காணப்படின் தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். கூப்பருக்கும் கவிதைக்கு முன்னர் மருத்துவர் காட்டன் தேவைப்பட்டார். அவ்வாறே, பேரிழப்பு நேர்ந்த முதல் நாள்களில் எவரையும் எழுதத் தூண்டவேண்டாம். அப்சலோமின் தகப்பனுக்கு அந்நேரத்தில் தேவைப்பட்டது குறிப்பேடு அன்று. அருகில் அமைதியாக ஒருவர் இருப்பதே. எழுத எழுத ஒருவருடைய வேதனை தணியாமல் ஒரே இடத்தில் சுழன்று பெருகுமாயின் எழுதுவதை நிறுத்திவிட்டு உரையாடலுக்குத் திரும்புவதே முறை.

முடிவுரை

புலம்பலுக்கு ஒரு வடிவம் தேவை. அவ்வடிவம் எளியதாக இருக்கலாம். அது பாதியில் நிற்கவும் அனுமதி உண்டு. இதுவே நாம் வலியுறுத்த விரும்புவது. இறையியல் கல்லூரிகளில் அருளுரை எழுதும் முறை கற்பிக்கப்படுகிறது. விளக்கவுரை எழுதும் முறை கற்பிக்கப்படுகிறது. தன் துயரத்தை ஆறு வரிகளில் இறைவன்முன் எழுதிவைக்கும் பழக்கத்துக்கும் ஆற்றுப்பணிப் பாடத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். அதற்குத் தனிச் செலவோ தேர்வோ தேவையில்லை.

இப்பழக்கத்தால் சிறந்த கவிஞர் தோன்றுவர் என நாம் எதிர்பார்க்கவில்லை. தம் குரல் நடுங்காததைக் கண்டு அஞ்சும் ஆயர், அவ்வச்சத்தை எழுதத் துணிந்தால், அடுத்த அடக்கத்துக்கு அவர் செல்லும்போது கல்லாகச் செல்லமாட்டார். அவ்வீட்டு மூதாட்டி ஒப்பாரியைத் தொடங்கும்போது அதை நிறுத்தும்படி கூறாமல், இறுதி வரை கேட்டு நிற்க அவரால் இயலும்.